சென்சரின் நுனி எந்தத் தண்ணீரில் நிற்கிறது?

உழவு மெசினுக்கோ வானுக்கோ எஞ்சின் சூடு காட்டும் மீற்றர் பூட்டவேண்டும் என்று எங்கள் கராச்சுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மீற்றரைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த மீற்றர் நல்லது, டிஜிட்டலா ஊசியா, இரவில் வெளிச்சம் தெரியுமா. சென்சரை எங்கே பூட்டுவது என்று நான் திருப்பிக் கேட்டால், "எங்க வசதியோ அங்க பூட்டுங்கோ அண்ணை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் மீற்றர் எதுவாகவும் இருக்கட்டும், பூட்டும் இடம்தான் முக்கியம். ஒரே எஞ்சினில் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் வெப்பம் பார்த்தால் நாலு எண் வரும். நாலும் உண்மைதான். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை அடைத்து வைத்திருக்கும் கஸ்கெற் போகுமுன் உங்களை எச்சரிக்கக்கூடியது அவற்றில் ஒன்றோ இரண்டோதான்.

நான் வேலை செய்வது கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதிப் பக்கம். இங்கே கராச்சுக்கு வருவதில் பாதி உழவு மெசின்கள். 2009இல் போர் முடிந்தபிறகு திரும்பி வந்து குடியேறியவர்கள் பழைய மெசின்களை இரும்புக் குவியலுக்குள் இருந்து இழுத்தெடுத்து, ஒன்றின் ஹெட்டை மற்றதில் போட்டு ஓடவைத்தார்கள். அப்படி உயிர் பெற்றவற்றில் டாஷ்போர்டு இருக்கும், மீற்றர் இருக்காது. மீற்றர் இருந்தால் வயர் இருக்காது. ஆகவே சென்சரைப் புதிதாக எங்கே பூட்டுவது என்ற கேள்வி எங்களுக்கு அடிக்கடி வரும்.

தண்ணீர் போகும் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். றேடியேற்றரின் அடியிலிருந்து ஆறிய தண்ணீரைப் பம்ப் இழுத்துப் புளொக்குக்குள் தள்ளும். அது சிலிண்டர்களைச் சுற்றி, மேலே ஹெட்டுக்குள் ஏறி, வால்வுகளுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் இடையால் போய், தெர்மோஸ்டற் கூட்டுக்கு வரும். தெர்மோஸ்டற் மூடியிருக்கும்வரை அந்தத் தண்ணீர் பைபாஸ் வழியாகத் திரும்பவும் பம்புக்கே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் சூடாகி, தெர்மோஸ்டற்றில் அடித்திருக்கும் எண்ணுக்கு வந்ததும், பல எஞ்சின்களில் அது 82 பாகை, மெல்லத் திறக்கும். முழுதாகத் திறக்க இன்னும் 10, 12 பாகை ஏறவேண்டும். அப்போதுதான் சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக றேடியேற்றருக்குப் போகும்.

இந்தப் பாதையில் தண்ணீர் மிகச் சூடாக இருக்கும் இடம் ஹெட்டை விட்டு வெளியே வருகிற இடம். தெர்மோஸ்டற் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே ஒரு சென்சர்தான் பூட்டப்போகிறேன் என்பவருக்கு நான் சொல்வது: ஹெட்டின் வெளிவாயில், தெர்மோஸ்டற்றுக்கு எஞ்சின் பக்கம். அங்கே இடமே இல்லை என்றால்தான் வேறு இடத்தைப் பற்றி யோசிக்கவேண்டும்.

பெரும்பாலான எஞ்சின்களில் அந்தப் பகுதியிலேயே தொழிற்சாலை விட்ட ஓட்டை ஒன்று இருக்கும். பழைய மெசின்களில் அதற்குள் ஒரு பிளக்கைப் போட்டு மூடி, மேலே பெயின்ற் அடித்து, ஒயிலும் தூசியும் படிந்து, அது ஓட்டை என்றே தெரியாமல் கிடக்கும். கம்பி பிறஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். ஹெட்டின் முன்பக்கம், பின்பக்கம், தெர்மோஸ்டற் கூட்டின் அடி, மூன்றையும் பார்த்தபின்தான் துளை போடுவதைப் பற்றிப் பேசவேண்டும். பின்பக்க ஓட்டையும் நல்லதுதான், ஆனால் சில எஞ்சின்களில் ஹெட்டின் பின்மூலையில் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடாது. அங்கே வருகிற எண் முன்பக்கத்தைவிட வேறாக இருக்கும். பிழை இல்லை, அதற்கு ஏற்றபடி எந்த எண் வழக்கமானது என்று பழகிக்கொள்ள வேண்டும்.

ஓட்டை இல்லை என்றால் தெர்மோஸ்டற் கூட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோங்கள். கழற்றியபிறகு துளைத்தால் உள்ளே சீவல் விழாது, சுவர் எவ்வளவு தடிப்பு என்று கண்ணால் பார்க்கலாம். அலுமினியக் கூடு மெல்லியதாக இருந்தால் தடித்த அலுமினியத் துண்டு ஒன்றை வெல்ட் பண்ணி அதில் மரை வெட்டுவது பாதுகாப்பு. எட்டில் ஒரு அங்குலம் என்று பெயர் சொல்லும் குழாய் மரைக்கு எட்டரை மில்லிமீற்றர் அளவில் துளை வரும். ஹெட்டிலோ புளொக்கிலோ குத்துமதிப்பாகத் துளைக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் செய்வதில்லை. உள்ளே தண்ணீர் அறை எங்கே முடிகிறது, ஒயில் வழி எங்கே போகிறது என்று வெளியில் நின்று சொல்ல முடியாது.

மரையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் ஒழுக்கு வருகிற மெசின்களில் பாதிக்கு இதுதான் காரணம். கடையில் பெட்டியோடு வருகிற மலிவு மீற்றர்களின் சென்சர் மரை அநேகமாக என்பிடி (NPT) என்ற அமெரிக்கக் கூம்பு மரை. அங்குலத்துக்கு 27 மரை. ஜப்பான் எஞ்சின்களில் இருப்பது பிரிட்டிஷ் வகைக் கூம்பு மரை, அங்குலத்துக்கு 28. இரண்டுக்கும் கோணமும் வேறு. கையால் திருகினால் இரண்டு சுற்றுப் போய், அப்புறம் இறுகும். பூட்டியவருக்குப் பொருந்திவிட்டது போலத் தெரியும், ஸ்பானரால் இன்னும் இறுக்குவார். அலுமினியக் கூடு என்றால் வெடிக்கும், வெடிக்காவிட்டால் மரை அழிந்து பிறகு ஒழுகும். மரை அளக்கும் கேஜ் ஒன்று பெரிய விலையில்லை. அது இல்லாவிட்டால் பழைய பிளக்கையும் புதிய சென்சரையும் வெளிச்சத்துக்கு நேராக மரையோடு மரை சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். பல் பல்லுக்குள் ஒழுங்காக உட்காராவிட்டால் நடுவில் கீறல் வெளிச்சம் தெரியும்.

இனி மேல் ஹோஸ். துளை வேண்டாம், லேத் வேண்டாம். ஹோஸை நடுவில் வெட்டி ஒரு அலுமினியக் குழாய் அடப்டரை நுழைத்து, இரண்டு கிளிப் இறுக்கினால் வேலை முடிந்தது. விரைவாகச் செய்யலாம் என்பதால் எல்லோரும் இதைத்தான் விரும்புகிறார்கள். நான் முற்றாக வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதில் இரண்டு குறை உண்டு, தெரிந்துகொண்டு பூட்டவேண்டும்.

முதலாவது, அது தெர்மோஸ்டற்றுக்கு அப்பால் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணி நெடுநேரம் ஊசி அசையாது, அப்புறம் தெர்மோஸ்டற் திறந்ததும் சட்டென்று எழும்பும். அதைப் பொறுக்கலாம். தெர்மோஸ்டற் மூடியபடியே இறுகிப்போனால்தான் பிரச்சினை. எஞ்சினுக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், மேல் ஹோஸில் ஓட்டமே இருக்காது, மீற்றர் அறுபதோ எழுபதோ காட்டிக்கொண்டு நிற்கும். எந்தக் கோளாறுக்காக மீற்றர் பூட்டினோமோ அந்தக் கோளாறை மட்டும் அது காட்டாது.

இரண்டாவது, ஏர்த், அதாவது மின்சாரம் எஞ்சின் இரும்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் வழி. ஒற்றை வயர் சென்சர் தன்னுடைய உடம்பு வழியாகத்தான் ஏர்த் எடுக்கும். ஹெட்டில் திருகினால் மரை வழியாக அது கிடைத்துவிடும். ஹோஸ் அடப்டரோ இரண்டு பக்கமும் இறப்பருக்கு நடுவில் தொங்குகிறது. முள்ளியவளைப் பக்கமிருந்து தம்பி ஒருவர் வான் கொண்டுவந்திருந்தார். புது மீற்றர், புதுச் சென்சர், ஹோஸில் அடப்டர், ஊசி அடியிலேயே படுத்துக் கிடந்தது. மீற்றரை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியாயிற்று. அடப்டரில் ஒரு வயரைத் தொட்டு அதன் மறுமுனையை எஞ்சின் போல்ட்டில் வைத்ததும் ஊசி எழும்பி வந்தது. "இவ்வளவுதானா அண்ணை?" என்றார். இவ்வளவுதான். அடப்டரின் மேல் ஒரு சின்னத் திருகு போட்டு, வளைய முனையோடு ஒரு வயரை நேரே புளொக்குக்குக் கொண்டுபோனால் போதும். அதே காரணத்துக்காக ஒற்றை வயர் சென்சரின் மரையில் வெள்ளை ரேப்பை மொத்தமாகச் சுற்றவேண்டாம். கூம்பு மரைக்கு மெல்லிய ஒரு சுற்றுப் போதும், அல்லது மரைப் பசை பூசலாம்.

ஏர்த் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஹெட்லைற் போட்டதும் சூட்டு ஊசி ஏறினால் எஞ்சின் சூடாகவில்லை. மீற்றரும் லைற்றும் ஒரே பலவீனமான ஏர்த்தைப் பகிர்கின்றன. மீற்றரின் ஏர்த்தைத் தனியாகக் கொண்டுபோய்ப் பற்றரிப் பக்கம் கட்டுங்கள்.

கீழ் ஹோஸில் சென்சர் பூட்டினால் வருவது றேடியேற்றரில் ஆறி வந்த தண்ணீரின் எண். எச்சரிக்கைக்கு அது உதவாது. ஆனால் ஹெட்டில் ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது கீழே இரண்டாவது ஒன்று இருந்தால் கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். பாரத்தில் ஓடும்போது மேலுக்கும் கீழுக்கும் வழக்கமாக எவ்வளவு வித்தியாசம் என்று நல்ல நாளில் பார்த்து எழுதி வையுங்கள். பிறகு ஒருநாள் அதே பாரத்தில் வித்தியாசம் பெருத்திருந்தால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது: பெல்ற் தளர்ந்திருக்கும், பம்பின் இலைகள் அரித்துப்போயிருக்கும், றேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கும். வித்தியாசம் பழையபடியே இருந்து, மேலும் கீழும் சேர்ந்து ஏறியிருந்தால் தண்ணீர் ஓட்டம் சரி, காற்றுத்தான் போகவில்லை. நெல் வெட்டும் காலத்தில் எங்கள் பக்கம் வருவது முக்கால்வாசியும் இந்த இரண்டாவது வகை. வைக்கோல் தூசியும் உமியும் றேடியேற்றரின் தேன்கூட்டில் கம்பளி போட்டது போலப் படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டோர்ச் லைற்றைப் பின்பக்கம் பிடித்தால்தான் வெளிச்சம் வராதது தெரியும். விசிறிப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுமாறு காற்றடிக்கவேண்டும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும்.

றேடியேற்றர் தொட்டியிலோ, விரிவுப் போத்திலிலோ மீற்றர் சென்சரைப் பூட்டுவதை நான் எண்ணிப் பார்ப்பதே இல்லை. விசிறியைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்சுக்கு றேடியேற்றர் சரியான இடம், ஏனென்றால் அதற்குத் தெரியவேண்டியது றேடியேற்றர் ஆற்றுகிறதா என்பதுதான். போத்தில் தண்ணீர் பெரும்பாலும் சுற்றுவதே இல்லை.

ஹீற்றர் ஹோஸ் சில வான்களில் நல்ல இடம். தெர்மோஸ்டற் மூடியிருந்தாலும் அதில் ஓட்டம் உண்டு. ஆனால் நம் வெயிலில் ஹீற்றர் யாருக்கு வேண்டும்? பலர் அந்த இரண்டு ஹோஸையும் வளைத்துக் கட்டியிருப்பார்கள், அல்லது முனையை அடைத்திருப்பார்கள். அடைத்த ஹோஸில் சென்சர் பூட்டினால் நிற்கும் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். ஹோஸைக் கையால் தடவிப் பார்த்து, இரண்டு முனையும் சூடா என்று உறுதிசெய்த பிறகு பூட்டலாம்.

நிற்கும் தண்ணீர் என்றதும் இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். மரை பொருந்தவில்லை என்று ஒரு புஷ், அதன்மேல் ஒரு டீ, அதன்மேல் ஒரு முழங்கை என்று பித்தளைத் துண்டுகளை அடுக்கி, உச்சியில் சென்சரைப் பூட்டுவார்கள். சென்சரின் நுனி ஓட்டத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு குருட்டுப் பொந்துக்குள் நிற்கும். காட்டும் எண் குறைவாகவும் பிந்தியும் வரும். மேல்நோக்கி நிற்கும் பொந்து என்றால் காற்றும் அங்கேயே தங்கிவிடும். நுனி ஓடும் தண்ணீருக்குள் நீட்டி நிற்கவேண்டும். பக்கவாட்டிலிருந்து பூட்டினால் காற்றுத் தங்காது. ஒரு அடப்டருக்கு மேல் தேவைப்பட்டால் சரியான மரையுள்ள சென்சரைத் தேடி வாங்குங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. தண்ணீர்ச் சென்சர் தண்ணீர் இருக்கும்வரைதான் வேலை செய்யும்.

முரசுமோட்டைப் பக்கம் ஒரு ஐயாவிடம் மாசி பேர்குசன் 240 நிற்கிறது, பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். சிறுபோகத்துக்கு வயலில் றொட்டவேற்றர் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு ஆள் அனுப்பினார். நான் போனபோது மெசின் வரம்போரம் நின்றது, பொனற் திறந்திருந்தது, பெயின்ற் கருகிய மணம். கீழ் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்து, தண்ணீர் முழுதும் சேற்றோடு போயிருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "ஊசி தொண்ணூறில நிண்டது தம்பி, பிறகு தானாக் கீழ இறங்கிச்சுது. உழுதுகொண்டிருக்கிற மெசின் ஏன் குளிரப்போகுது? அதுதான் நிப்பாட்டிப்போட்டன்" என்றார். நுனியைச் சுற்றி இருந்த தண்ணீர் போய்விட்டது, மிஞ்சிய காற்றும் ஆவியும் அந்தச் சூட்டை நுனிக்குக் கொடுக்கவில்லை. ஊசி இறங்க இறங்க ஹெட் வெந்துகொண்டிருந்தது. இன்னொருவர் என்றால் ஊசி இறங்கியதைப் பார்த்து நிம்மதியாக அடுத்த சுற்றுப் போயிருப்பார். ஐயாவின் ஹெட் தப்பியது, நேராகத்தான் இருந்தது; ஹோஸ் மாற்றி, ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே வேலை முடிந்தது.

ஆறவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். வெறுமையாகக் காய்ந்த ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். கையால் தொடக்கூடிய அளவுக்கு வரும்வரை நிழலில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள்.

இந்தக் காரணத்தால்தான் வயல் வேலை செய்யும் மெசின்களுக்கு நான் இரண்டாவதாக ஒரு சென்சரைச் சிபாரிசு செய்கிறேன், அது தண்ணீரில் இல்லாமல் இரும்பில் இருக்கவேண்டும். வளைய முனையுள்ள சென்சர்கள் கிடைக்கின்றன. ஹெட்டோடு ஒட்டியிருக்கும் சின்னப் போல்ட் ஒன்றின் கீழ் வளையத்தை வைத்து இறுக்கினால் ஹெட் இரும்பின் சூட்டையே அது எடுக்கும். தண்ணீர் இருந்தாலும் போனாலும் அது பேசும். பூட்டும் இடம் தெர்மோஸ்டற் கூடு, ஹெட்டின் மேற்பக்கத் துணைப் போல்ட்டுகள் போன்றவை. ஹெட் இறுக்கும் பெரிய போல்ட்டுகளின் கீழ் வளையம் வைக்கக்கூடாது, அவற்றின் இறுக்கம் கணக்கானது. எக்சோஸ்ட் குழாய்ப் பக்கமும் வேண்டாம், பக்கத்துச் சூடு எண்ணைத் தூக்கிவிடும். அதற்கு ஒரு பஸர் கட்டுங்கள். உழவு மெசினில் இருப்பவர் கலப்பையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார், டாஷ்போர்டைப் பார்ப்பது எப்போதாவதுதான். சத்தம் காதுக்குப் போகவேண்டும், எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும்.

பஸர் எந்த எண்ணில் அடிக்கவேண்டும் என்பதை மீற்றர்ப் பெட்டியில் அடித்திருக்கும் தாளிலிருந்து எடுக்காதீர்கள். இரும்பின் எண் தண்ணீரின் எண் அல்ல, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒவ்வொன்று. எல்லாம் நல்லபடி இருக்கும் ஒரு நாளில், உச்சி வெயிலில், முழுப் பாரத்தில் ஓட்டி, அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் ஐந்தாறு பாகை கூட்டி அந்த இடத்தில் வையுங்கள்.

தண்ணீரின் கொதிநிலையையும் இதோடு சேர்த்து யோசிக்கவேண்டும். திறந்த பாத்திரத்தில் 100 பாகை. றேடியேற்றர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் அது ஏறும்: பழைய உழவு மெசினின் 7 பிஎஸ்ஐ (மூடி பிடிக்கும் அழுத்தத்தின் அளவு) மூடிக்கு 111 அளவில், வான்களின் 13 பிஎஸ்ஐ மூடிக்கு 118 அளவில். மூடியின் இறப்பர் போனால் 100க்கே இறங்கிவிடும். அப்போது மீற்றரில் 101 என்பது வழக்கமான எண்ணாகத் தெரிந்தாலும் ஹெட்டுக்குள் ஆவி கட்டத் தொடங்கியிருக்கும். மீற்றர் பூட்டும்போதே மூடியையும் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கூலன்ற் கலந்தால் கொதிநிலை இன்னும் சில பாகை ஏறும், துருவும் பிடிக்காது. லாண்ட்மாஸ்டர் எனும் இரண்டு சக்கர உழவு மெசின்களில் சில தொட்டித் தண்ணீர் எஞ்சின்கள் உண்டு, மேலே திறந்த தொட்டி, மிதவை. அவை கொதித்துத்தான் ஆறும், அதுதான் அவற்றின் அமைப்பு. அவற்றுக்குச் சென்சர் வேண்டாம், மிதவை இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வன்னியில் தெர்மோஸ்டற் இல்லாமல் ஓடும் எஞ்சின்கள் எத்தனை என்று சொல்லி மாளாது. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது உதிரிப் பாகம் வராது, டீசலுக்கே வழியில்லை, மோட்டார்சைக்கிளையெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். இறுகிய தெர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியதில் அன்றைக்கு நியாயம் இருந்தது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் தொடர்கிறது. தெர்மோஸ்டற் இல்லாவிட்டால் பாரம் இல்லாதபோது எஞ்சின் சூடே ஏறாது, டீசல் அதிகமாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். பைபாஸை அடைக்கிற வகைத் தெர்மோஸ்டற் உள்ள எஞ்சினில் அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். பாரம் ஏறும்போது தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரைப் பார்க்காமலே சுற்றும், எஞ்சின் கொதிக்கும். சென்சரை எவ்வளவு நல்ல இடத்தில் பூட்டினாலும் அப்படிப்பட்ட எஞ்சினின் எண்ணை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. முதலில் தெர்மோஸ்டற்றைப் போடுங்கள், பிறகு மீற்றர். இன்னொன்று: சில ஜப்பான் எஞ்சின்களில் தெர்மோஸ்டற் கீழ் ஹோஸ் பக்கம், பம்பின் வாயில் இருக்கும். தெர்மோஸ்டற் கூட்டில் ஓட்டை கண்டதும் அங்கே பூட்டினால் குளிர்ந்த தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். அவற்றுக்கு ஹெட்டின் மேல் வெளிவாயே இடம்.

கொம்பியூட்டர் உள்ள வாகனம் என்றால், தொழிற்சாலைச் சென்சரைத் தொடவேண்டாம். அந்த இரண்டு வயர்ச் சென்சரின் எண்ணை வைத்துத்தான் எவ்வளவு எரிபொருள் விடுவது, விசிறியை எப்போது போடுவது என்று கொம்பியூட்டர் முடிவெடுக்கிறது. அதன் வயரில் இன்னொரு மீற்றரைக் கொழுவினால் இரண்டும் பிழையாகக் காட்டும். இடத்தை மாற்றி மேல் ஹோஸுக்குக் கொண்டுபோனால் எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்து எரிபொருளைக் கூட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் மீற்றருக்குத் தனிச் சென்சர், தனி இடம்.

பூட்டுமுன் சென்சரைச் சோதிப்பது பெரிய வேலை இல்லை. கேத்திலில் தண்ணீரை வைத்து, சென்சரின் நுனி மட்டும் நனையுமாறு கம்பியில் தொங்கவிட்டு, மல்டிமீற்றரை ஓம் நிலையில் பிடியுங்கள். சூடு ஏற ஏற ஓம் இறங்கவேண்டும். பல ஜப்பான் கொம்பியூட்டர்ச் சென்சர்கள் 20 பாகையில் 2000 முதல் 3000 ஓமும், 80 பாகையில் 200 முதல் 400 ஓமும் காட்டும். ஊசி மீற்றர்ச் சென்சர்களின் எண்கள் வேறு, அவை தங்கள் மீற்றரோடு மட்டும்தான் பொருந்தும். ஒன்றின் சென்சரை மற்றதன் மீற்றரோடு சேர்த்தால் எண் எங்கேயோ போகும். கொதிக்கும் தண்ணீரில் வைத்து மீற்றர் 100க்குக் கிட்ட வருகிறதா என்று பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் எளிய சோதனை. பூட்டியபிறகு ஒற்றை வயர்ச் சென்சரில் ஊசி அசையாவிட்டால், வயரைக் கழற்றி ஒரு கணம் ஏர்த்தில் தொடுங்கள். ஊசி முழுச் சூட்டுக்கு எழும்பினால் மீற்றரும் வயரும் சரி, சென்சரோ அதன் ஏர்த்தோதான் பிழை. துப்பாக்கி வடிவத் தேர்மோமீற்றரால் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் பளபளக்கும் அலுமினியத்தில் பிடிக்கவேண்டாம், குறைத்துத்தான் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒரு துண்டை ஒட்டி, அது சூடானபின் அதன்மேல் பிடியுங்கள்.

வயர் இல்லாத பழைய வகை, செப்புக் குழாயோடு வரும் ஊசி மீற்றரை உழவு மெசின்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள், நானும் விரும்பிப் பூட்டுகிறேன். பற்றரி இல்லாவிட்டாலும் வேலை செய்யும், ஏர்த் தொல்லை இல்லை. அந்த மெல்லிய குழாயை வெட்டவோ மடிக்கவோ கூடாது, மடிந்தால் மீற்றர் முழுதும் போச்சு. மிச்ச நீளத்தைப் பெரிய வளையமாகச் சுற்றி, எக்சோஸ்ட்டுக்குத் தள்ளிக் கட்டவேண்டும். குழாயின் நுனியில் சூட்டை உணரும் குமிழின் நீளம் அதிகம் என்பதால் ஓட்டை ஆழமாக உள்ளதா என்று முதலில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் பக்கக் கிணறுகள் பலவற்றில் கல்லுத் தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளை எல்லா வீட்டிலும் தெரியும். அதே வெள்ளை எஞ்சினுக்குள்ளும் படிகிறது, சென்சரின் நுனியிலும் படிகிறது. படை ஏறிய நுனி எண்ணைப் பிந்தித்தான் காட்டும். மழைத் தண்ணீரைத் துணியில் வடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் வாங்கிக் கூலன்ற்றோடு பாதிக்குப் பாதி கலவுங்கள். காலபோக உழவு தொடங்குமுன் சென்சரைக் கழற்றி, நுனியைப் புளித் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் துடைத்துவிட்டு, கேத்திலில் இன்னொருமுறை சோதித்துப் பூட்டுங்கள். கழற்றிய ஓட்டைக்குள் ஒரு குச்சியை விட்டுச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு படை இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். குச்சியில் வெள்ளையோ செம்மண் போன்ற துருவோ தடிப்பாக ஒட்டினால், அந்த வருஷம் றேடியேற்றரையும் கழற்றிச் சுத்தம் பண்ணவேண்டும்.